சிவனம்மாவுக்குப் போட்ட ஊசி

பக்கத்து வீட்டுக்காரிக்கு வைத்தியம் பார்த்தே அவளைக் கெடுக்கலாம் என்ற யோசனை தைலம்மாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பதினோராம் நம்பர் மலையின் நடுவில், முதுகில் பாதி நிறைந்த கொழுந்துப் பையோடு, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நல்ல யோசனை வந்தாலும் மலையில்தான் வரும், கெட்டது வந்தாலும் அங்கேதான் வரும். முப்பத்தோரு வருசமாக அவள் வேறெங்கே நின்றாள், வேறெங்கே யோசிக்க?

ரன்கொடித்தென்னத் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே, பஸ் ஏறவே முனகுகிற உயரத்தில் இருக்கிறது. அதன் கீழ்க்கணக்குப் பிரிவில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தைலம்மா நாலாம் வீடு, சிவனம்மா ஐந்தாம் வீடு, நடுவில் ஒரே சுவர். இவள் விதவை, அவளும் விதவை. இவளுக்கு ஐம்பத்தைந்து, அவளுக்கு ஐம்பத்துமூன்று. இரண்டு பேருக்கும் முழங்காலில் சவ்வு தேய்ந்து போயிருந்தது. ஏறும்போது கடிக்கும், இறங்கும்போது குத்தும், குந்தி எழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும். இதில் சிவனம்மாவின் இடது முட்டிதான் மோசம். இளநீர்க் குரும்பையை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி வீங்கிக் கிடந்தது.

இந்த நேரத்தில்தான் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை ஒன்று காலியானது. வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. சிமெந்துத் தரை, சமதரை. தொட்டிலை ஆட்டலாம், பால் கலக்கலாம், மழை பெய்தால் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அட்டைக்கடி கிடையாது. முக்கியமாக, ஏற்றமும் இறக்கமும் கிடையாது. சொர்க்கம் என்றால் மேகத்துக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மலையில் கொழுந்து பறித்துப் பார்க்கட்டும். சொர்க்கம் சமதரையில்தான் இருக்கிறது. கீழ்க்கணக்கில் அந்த வேலைக்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

அன்று காலை கங்காணி சுதாகரன் தைலம்மா பறிக்கும் நிறைக்கு, அந்தச் செடி வரிசைக்கு, வந்து நின்றான். வயசு முப்பத்தைந்துதான், ஆனால் தொண்டை அறுபதுக்கு இருக்கும்.

"தைலம்மாக்கா, அடுத்த கெழம இல்ல, அதுக்கடுத்த புதன்கெழம கம்பனி டாக்குத்தரு டிஸ்பென்சரிக்கு வாறாரு. உங்க ரெண்டு பேரையும் பாப்பாரு. யாருக்கு முட்டி ரொம்ப மோசமோ அவங்களுக்கு புள்ளக்காம்பரா. மத்தவங்களுக்கு மலதான். தொர சொல்லிட்டாரு."

முட்டியை முட்டியோடு வைத்துப் பார்த்தால் யாருடையது ஜெயிக்கும் என்று டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. லயத்து நாய்க்குக்கூடத் தெரியும்.

"சிவனம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அவங்க அந்தக் கோடியில நிக்கிறாங்க. நீங்க சொல்லிருங்களேன், பக்கத்து வீடுதானே."

"அதுக்கென்னா, நான் சொல்லிர்றேன்" என்றாள் தைலம்மா.

சொன்னாள். சொல்லவில்லை என்று யாரும் பழி போட முடியாது. அன்று பின்னேரமே சிவனம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்து, அவள் ஊற்றிக் கொடுத்த பால் இல்லாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"கம்பனி டாக்குத்தரு வாறாராம் சிவனம்மா. நடக்க வச்சு, குந்த வச்சு, எந்திரிக்க வச்சுப் பாப்பாராம். புள்ளயத் தூக்கிக்கிட்டு நாலு எட்டு வைக்க முடியாதவளுக்குப் புள்ளக்காம்பராவுல என்னா வேலைன்னு தொர கேட்டாராம்."

சிவனம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "அப்ப எனக்கு எங்கக்கா கெடைக்கப் போவுது? குந்தினா எந்திரிக்கவே எனக்கு ஒரு ஆள் வேணுமே. நீங்களாச்சும் போங்க."

"நான் எங்கடி போறேன்? யோகராஜ் கொழும்புக்கு வந்துருங்கம்மான்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். என் பேர வெட்டச் சொல்லப் போறேன். அந்த வேல உனக்குத்தான். முட்டிய மட்டும் சரி பண்ணிக்க."

யோகராஜ் அவளுடைய ஒரே மகன். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். ஒத்தைக் காலில் நிற்பது இருக்கட்டும், தீபாவளிக்கு ஒரு போன் எடுத்து அம்மா செத்தாளா இருக்கிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. பொய் சொல்லும்போது தைலம்மாவுக்கு அது ஒரு நொடி சுட்டது. சாயத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

அடுத்து அவள் செய்ததுதான் பெரிய காரியம். அரிசிப் பீப்பாவின் அடியில் கொஞ்சம் காசு முடிந்து வைத்திருந்தாள். அது அவளுடைய ஊசிக்கான காசு. போன வருசமே பலாங்கொடை டவுனில் எலும்பு டாக்டர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, மாத்திரை இனிக் கேட்காது, மூட்டுக்குள்ளேயே ஒரு ஊசி போட்டால் வலி இறங்கும் என்று சொல்லியிருந்தார். ஒரு வருசமாக அரைவயிறும் கால்வயிறுமாகச் சேர்த்த அந்தக் காசை எடுத்து வந்து சிவனம்மாவின் கையில் வைத்தாள். தன் முட்டிக்கு வைத்திருந்த ஊசியைத் தூக்கி எதிரியின் முட்டிக்குக் கொடுத்தாள். இப்படி ஒரு தர்மத்தைக் கர்ணன்கூடச் செய்திருக்க மாட்டான்.

சிவனம்மா குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். முட்டி மடங்கவில்லை. பாதியில் நின்று அழுதாள்.

"கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டாக்கா."

தைலம்மாவும் அழுதாள். சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே அழுகை வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்த ஓநாயின் கண்ணிலும் தண்ணீர் இருந்திருக்கும் போல.

மறுநாள் சனிக்கிழமை, டிரைவர் இப்திகாரின் த்ரீவீல் ஆட்டோவில் இரண்டு பேரும் பலாங்கொடைக்குப் போனார்கள். அதே எலும்பு டாக்டர் சிவனம்மாவின் முட்டியை மஞ்சள் மருந்தால் துடைத்து, முதலில் ஒரு ஊசியைக் குத்தி உள்ளே கட்டியிருந்த நீரை உறிஞ்சி எடுத்தார். கள்ளுப் போலக் கலங்கலாக வந்தது. பிறகு அதே இடத்தில் மருந்தை ஏற்றினார். சிவனம்மா தைலம்மாவின் கையை நசுக்கிப் பிடித்தாள். தைலம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"தவஸ் தெகக்" என்று டாக்டர் சிங்களத்தில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நாள் காலை அசைக்காமல் இருக்க வேண்டும், ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, மலை ஏறக் கூடாது. நாலைந்து நாளில் வீக்கம் வடியும். இது நோயை அறுக்கிற மருந்தில்லை, வலியைக் கொஞ்ச நாள் தூங்க வைக்கிற மருந்து. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தாங்கலாம். அதற்கப்புறம் அது எழும்பத்தான் செய்யும், நினைத்த நேரமெல்லாம் திரும்பப் போடவும் முடியாது. அவர் சொன்னதை இரண்டு பேரும் கேட்டார்கள். போன வருசம் பார்த்த முகம் அவருக்கு மறந்திருந்தாலும், தைலம்மா நிற்கிற நிலையைப் பார்த்தே விசயம் விளங்கிவிட்டது. "ஒயாட்டத் ரிதெனவா நேத?" என்றார், உனக்கும் வலிக்கிறதுதானே என்று.

"எனக்கு ஒண்ணும் இல்ல சேர்" என்றாள் தைலம்மா.

அந்த இரண்டு நாளும் அவள் சிவனம்மாவைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அடேயப்பா! கீழே பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கினாள், கஞ்சி காய்ச்சினாள், கக்கூசுக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனாள். ஊசி வீணாகிவிடக் கூடாது அல்லவா? லயமே வாயைப் பிளந்தது. "தைலம்மா மாதிரி ஒரு மனுசி உண்டா?" என்று பீலியடியில் பேசிக்கொண்டார்கள். பலிக்கடாவுக்கும் பூசை வரைக்கும் ராஜ உபசாரம்தான் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை சிவனம்மாவின் முட்டி முட்டியாகிவிட்டது. குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதினாள். எழுந்தாள். திரும்பவும் குந்தினாள், சும்மா, எழும்பிப் பார்ப்பதற்காகவே. சுவருக்கு இந்தப் பக்கம் தைலம்மா அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சிரிப்பு, அவளுடைய காசு, அவளுடைய ஊசி. வயிறு எரிந்தது. புதன்கிழமையை நினைத்து ஆற்றிக்கொண்டாள்.

சிவனம்மாவின் முட்டி தேறினால் மட்டும் போதாதே, தன் முட்டி கெட வேண்டும். ஊசி போட்ட மறுநாளிலிருந்தே எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். பனடோல் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், நேர்த்திக்கடன் என்று சொல்லி, சிமெந்துத் தரையில் முழங்கால் போட்டு நகர்ந்து நகர்ந்து மண்டபம் முழுக்கத் தேய்த்துக் கழுவினாள். பத்து நாள். பூசாரி மெச்சினார். ஒவ்வொரு தரமும் முட்டி தரையில் படும்போது உயிர் தொண்டைக்கு வந்து போனது. அம்மனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொட்டுப் பார்த்தாள். முட்டி கொதித்தது, சிவந்து உப்பியிருந்தது. அவளுக்கு இரண்டு வருசத்தில் அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை.

எண்ணெய்ப் போத்தலோடு சிவனம்மா வந்தாள். "என்னாக்கா இப்புடி வீங்கியிருக்கு! காட்டுங்க, நான் தேய்ச்சு விடுறேன்."

"வேணாம், வேணாம். கொழும்புல காட்டிக்குவேன்" என்று காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள் தைலம்மா.

புதன்கிழமை டிஸ்பென்சரியில் கம்பனி டாக்டர், பக்கத்தில் தோட்டத்து மேனேஜர் துரை, வாசலில் சுதாகரன். தைலம்மாவும் வந்து நிற்பதைப் பார்த்து சிவனம்மா ஆச்சரியப்பட்டாள். "பேர வெட்ட மறந்துட்டாங்களாம், சும்மா காட்டிட்டுப் போறேன்" என்றாள் தைலம்மா. அதையும் நம்பினாள் அந்தப் பைத்தியக்காரி.

சிவனம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். குந்தச் சொன்னார்கள், குந்தினாள், எழுந்தாள். கேட்காமலேயே இன்னும் நாலு தரம் குந்தி எழுந்தாள். மூலையில் கிடந்த சோயா மா மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடந்து காட்டினாள். "புள்ளயத் தூக்குவேன் சேர், ரெண்டு புள்ளயா இருந்தாலும் தூக்குவேன்!" முகமெல்லாம் பல்.

"ஹொந்தாய்", நல்லது, என்று டாக்டர் எழுதினார். "மலை வேலைக்கு ஒரு குறையும் இல்ல."

"மலைக்கா? இல்லீங்க சேர், புள்ளக்காம்பராவுக்கு."

துரைக்குத் தமிழ் தெரியும். "முட்டி ரொம்ப கெட்டவங்களுக்குத்தான் அந்த வேல. கங்காணி சொல்லலையா?"

"தைலம்மாக்காகிட்ட சொல்லி அனுப்பினேன் சேர். அவங்க சொல்லியிருப்பாங்களே" என்றான் சுதாகரன்.

மூட்டை இன்னும் சிவனம்மாவின் இடுப்பில் இருந்தது. அவள் மெல்லத் திரும்பித் தைலம்மாவைப் பார்த்தாள். தைலம்மா சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்பின் படத்தைப் பார்த்தாள். அந்த நுளம்புக்கு எத்தனை கால் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்.

சிவனம்மா மூட்டையை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தாள். வாசலடியில் போய் நின்றாள்.

அடுத்தது தைலம்மா. டாக்டர் முட்டியை அமுக்கியதும் "ஐயோ சேர்!" என்று அலறினாள். நடிப்பே தேவைப்படவில்லை. குந்தச் சொன்னார், பாதியில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார், துரையைப் பார்த்துத் தலையசைத்தார், பேனையைக் காகிதத்தில் வைத்தார். பிள்ளைக்காம்பராவின் ஜன்னலும் தொட்டிலும் சமதரையும் தைலம்மாவின் கண்ணுக்குத் தெரிந்தன.

"சேர்" என்றாள் வாசலில் இருந்து சிவனம்மா. பிறகு சிங்களத்தில், ஒரு சொல் தடுமாறாமல் பேசினாள். "என் முட்டி இதவிட மோசமா இருந்துச்சு சேர். கங்காணிகிட்ட கேட்டுப் பாருங்க. இந்த அக்காதான் தன் காசப் போட்டு, என்னயக் கூட்டிட்டுப் போயி, முட்டிக்குள்ள ஊசி போட்டு விட்டாங்க. பதினோரு நாள்தான் ஆவுது, நான் நடந்தத நீங்களே பாத்தீங்க. அவங்களுக்கும் அதே ஊசியப் போட்டு விடுங்க சேர். பாவம், எனக்குச் செஞ்சவங்களுக்கு யாரு செய்வா?"

குரலில் தேன் வடிந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசியில் சரியாகிற கால் என்றால் லைட் வேலை எதற்கு என்று டாக்டரைக் கேட்டார். போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் தைலம்மாவின் காதில் வெகுநாள் இருந்தது.

அடுத்த கிழமை கம்பனி செலவிலேயே அவளுக்கு ஊசி போட்டார்கள். இரண்டு நாள் காலை அசைக்காதே என்று அவளுக்கும் சொன்னார்கள். ஆனால் அவளுக்குத் தண்ணீர் தூக்க யார் இருந்தார்கள்? ஐந்தாம் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அன்றைக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு இறங்கினாள், விறகு பிளந்தாள். பத்து நாள் சிமெந்தில் தேய்த்த முட்டி வேறு. மூன்று நாள் கொஞ்சம் இதமாக இருந்தது. நாலாம் நாள் வலி தன் சொந்த வீட்டுக்குத் திரும்புவது போல நிதானமாக வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்காம்பரா வேலை கங்காணியின் கொழுந்தியாளுக்குப் போனது. அவளுக்கு இருபத்தொன்பது வயசு, முட்டி இரண்டும் ஆட்டுக்குட்டி முட்டி.

தைலம்மா வலிக்கிறது என்று சொன்னாள். சுதாகரனிடம் சொன்னாள், டிஸ்பென்சரியில் சொன்னாள், பீலியடியில் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. "அதே ஊசிதானே சிவனம்மாவுக்கும் போட்டாங்க? அவ மான்குட்டி மாதிரி ஓடுறா. ஒனக்கு மட்டும் என்னா?" வலிக்கிறது என்று சொல்வது பொய் என்பதற்குச் சாட்சி ஐந்தாம் வீட்டில் நடமாடியது. அந்தச் சாட்சியைக் காசு கொடுத்து வாங்கியவள் அவள்தான்.

இரண்டு மாதம் ஆகும்போது, விடியக்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. தைலம்மா எழுந்து சுவரில் காதை வைத்தாள். எண்ணெய் தேய்க்கிற சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா… அம்மா…" என்கிற குரல். மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும். டாக்டர் சொன்னபடி அந்த வலியும் தூக்கம் கலைந்து எழும்பிவிட்டது. தைலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனி அவளும் வலிக்கிறது என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அவள் வாயைத் திறந்தால் தன் சொல்லும் மெய்யாகிவிடும்.

நாலாம் நாள் பதினோராம் நம்பர் மலையில், பாதி ஏற்றத்தில், தைலம்மா மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் பையோடு உட்கார்ந்துவிட்டாள். சுதாகரன் வந்தான். சுற்றி இருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"என்னாக்கா இது, தெனம் ஒரு கூத்து?"

"முடியல தம்பி. சத்தியமா முடியல. அந்த ஊசி நிக்காது. சிவனம்மாவயே கேளுங்க. அவளுக்கும் வந்துருச்சு."

சுதாகரன் யோசித்தான். அவனும் கல்நெஞ்சக்காரன் இல்லை. "சரி. சிவனம்மாக்கா, இங்க வாங்க. உண்மயச் சொல்லுங்க. அந்த ஊசி விட்டுப்போயி திரும்ப வலிக்குதா? வலிக்குதுன்னா நான் தொரகிட்ட பேசுறேன். தவறணையில தேயிலக் கன்னுக்கு மண்ணுப் பை நெரப்ப ஆள் தேடுறாங்க. ஒக்காந்து செய்யிற வேல. ரெண்டு பேரையுமே போட்டுருவேன்."

தைலம்மா சிவனம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சினாள், வாயால் இல்லை, கண்ணால். உட்கார்ந்து செய்கிற வேலை. இரண்டு பேருக்கும். ஒரு வார்த்தை போதும்.

சிவனம்மா தைலம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கங்காணியிடம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க. அக்கா செஞ்ச புண்ணியம், நல்லா இருக்கேன். அவங்களுக்கு மனசுல என்னமோ கொற போல."

சொன்னதோடு விடவில்லை. பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, செங்குத்தான அந்த நிறையில் நிமிர்ந்து ஏறத் தொடங்கினாள். பெண்கள் சிரித்தார்கள். சுதாகரன் கையை விரித்தான். "எந்திரிங்க தைலம்மாக்கா, போதும் நடிச்சது. இல்லாட்டி இன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல."

தைலம்மா தேயிலைச் செடியைப் பிடித்து எழுந்தாள். முன்னால் ஏறுகிறவளின் கால் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. இடது கால் ஒவ்வொரு எட்டுக்கும் நடுங்கியது. முட்டி சேலைக்குள்ளேயே புடைத்துத் தெரிந்தது. ஒரு கை யாருக்கும் தெரியாமல் செடியின் கிளை ஒன்றை இறுகப் பிடித்து, விட்டு, அடுத்த வாதைப் பிடித்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்திருந்தது. அதைப் பார்த்தவள் அந்த மலையில் தைலம்மா ஒருத்திதான். அவள் சொன்னால் நம்ப அங்கே ஒரு ஆள் இல்லை.

உச்சியில் போய் சிவனம்மா நின்றாள். வேர்வையில் முகம் சாம்பல் பூத்திருந்தது, கடித்த உதட்டில் பல் பதிந்திருந்தது. அப்படியே சிரித்தாள்.

"வாங்கக்கா, மெதுவா வாங்க. நான் நிக்கிறேன்."

தைலம்மா காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள்.